தள்ளியதில் பாதி

இருளப்பனுக்கு அந்த வாத்தியாரைப் பார்க்காமலே பிடிக்காது. பார்த்த பிறகு சுத்தமாகப் பிடிக்காமல் போனது.

பார்க்கும் வரைக்கும் சஞ்சயன் சேர் என்றால் வழுக்கைத் தலையும் தடித்த கண்ணாடியுமாக ஓர் ஆள் என்று நினைத்து, ஒருவாறு சோறு தின்று உறங்கிக்கொண்டிருந்தான். மழை கொட்டிய ஒரு நாள் பெண்சாதி கலாராணியை ஏற்றிவரப் போனான். பள்ளிக்கூட வாசலில் அவளுக்குக் குடை பிடித்துக்கொண்டு நின்றவன் முப்பதைத் தாண்டாதவன். நெட்டையாக, தலை நிறைய முடியோடு நின்றான்.

"கலா அக்கா, கவனமா ஏறுங்கோ. அண்ணை, மெதுவாப் போங்கோ, றோட்டு வழுக்கும்" என்றான்.

கலஹா ரோட்டில் ஆட்டோ ஓட்டியே தலை நரைத்தவனுக்கு, ரோடு வழுக்கும் என்று சொல்லித்தர யாழ்ப்பாணத்திலிருந்து ஒருவன் வரவேண்டியிருந்தது. இருளப்பன் சேறு தெறிக்கிற மாதிரி வண்டியைத் திருப்பினான். தெறித்த சேறு எல்லாம் வாசல் தூணில்தான் விழுந்தது.

கலாராணி அந்தப் பள்ளிக்கூடத்தில் ஆய்வுகூட உதவியாளர். கண்ணாடிக் குழாய் கழுவுவதும், தராசு துடைப்பதும், பிள்ளைகள் செய்முறை செய்யும்போது சாமான் எடுத்துக் கொடுப்பதும் வேலை. தற்காலிகமாக வைத்திருந்தார்கள். தற்காலிகம் என்றால், வேண்டும்போது கூப்பிடுவார்கள், வேண்டாதபோது வீட்டுக்குப் போ என்பார்கள் என்று அர்த்தம். மகளைக் கட்டிக்கொடுத்து கொழும்புக்கு அனுப்பிய பிறகு வீட்டில் இவர்கள் இரண்டு பேர்தான். முன்பெல்லாம் இராச்சாப்பாட்டுக்கு உட்கார்ந்தால், அன்றைக்கு யார் யாரை ஏற்றினான், யார் என்ன பேசினார்கள் என்று இருளப்பன்தான் கதை சொல்லுவான். அவள் சிரித்துச் சிரித்துக் கேட்பாள். புது வாத்தியார் வந்ததிலிருந்து கதை சொல்லும் வாய் மாறிவிட்டது.

"இன்னைக்கு சேர் என்ன சொன்னாரு தெரியுமா?" என்று தொடங்குவாள். "சும்மா தள்ளுனா அது வேலையில்லையாம். தள்ளுன சாமான் நகரணுமாம். ஒரு செவுத்த நாள் பூரா தள்ளிக்கிட்டு நின்னாலும் வேலை பூச்சியமாம்."

"அப்ப தள்ளுனவனுக்குக் கை வலிக்காதா?"

"வலிக்கும். ஆனா செவுத்துக்கு ஒண்ணும் சேரலயே."

"வலிக்குது, ஆனா வேலை இல்ல. நல்லாருக்கு ஞாயம். தோட்டத்துல தொரைமாரு பேசுன பேச்சு."

"அப்படியில்லங்க. நகந்துச்சுன்னா, நீங்க தள்ளுன தள்ளு வண்டிக்குள்ள போயி ஓட்டமா நிக்கும். அதுக்குப் பேரு இயக்க சக்தி. எவ்வளவு வேலை உள்ள போச்சோ அவ்வளவு ஓட்டம் இருக்கணும். பிரேக்கு புடிச்சா அதையெல்லாம் திரும்ப வெளிய எடுக்கணும்."

"இதையும் சேர்தான் சொன்னாரா?"

"பின்ன?"

இருளப்பன் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்துவிட்டான். தட்டு நகர்ந்தது. சேரின் கணக்கில் அதுவும் வேலையாகத்தான் இருக்கும்.

அவளிடம் தப்பு ஒன்றும் இல்லை என்று அவனுக்குத் தெரியும். வயசிலே அந்தப் பயல் அவளுக்குத் தம்பி. அதையெல்லாம் புத்தி சொல்லியது. வயிற்றுக்குள் எரிந்தது அதையெல்லாம் கேட்கவில்லை. அவளை யாராவது தொட்டுவிட்டார்களா என்பது இல்லை அவனுடைய சங்கடம். அவள் யோசிக்கும்போது அந்த யோசனைக்குள் வேறு ஒருவன் உட்கார்ந்திருந்தான். அந்த ஆளை எப்படி இறக்கிவிடுவது?

கெலிஓயா ஸ்டாண்டில் ரிஸ்கான் எரிகிறதில் எண்ணெய் ஊற்றினான். அவனும் ஆட்டோக்காரன்தான். அவனுடைய வண்டி ஓடுகிற நேரத்தைவிட ரிப்பேரில் கிடக்கிற நேரம் அதிகம்.

"என்ன மச்சான், ஒண்ட பொஞ்சாதிக்கு சேர் குட புடிக்கிறாராமே? அங்க நீ புருஷனா போனியா, வாடக ஹயருக்குப் போனியா?"

"ஒன் வண்டிக்கு மொதல்ல பிரேக்கப் போடு. பொறகு என் வீட்டுக் கதைய ஓட்டு" என்றான் இருளப்பன். ஸ்டாண்டே சிரித்தது. ரிஸ்கானைப் பார்த்துச் சிரித்தார்களா, தன்னைப் பார்த்தா என்று இருளப்பனுக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

அந்தக் கிழமையில்தான் கலாராணி கேட்டாள். "வர்ற புதன்கிழம நம்ம ஆட்டோ வேணும்."

"எதுக்கு? சேருக்கு ஹயரா?"

"பிள்ளைங்களுக்கு. ஆட்டோவத் தள்ளிப் பாக்கப்போறோம். வலயக் கல்வி ஆபீஸ்லருந்து கமலாசனி மேடம் செய்முறை பாக்க வர்றாங்க. அவங்க நல்லபடியா எழுதிக் குடுத்தா என் வேலை நிரந்தரமாகும்னு ப்ரின்சிபல் சொல்லிட்டாரு. அவங்க எழுதலைன்னா வருஷ முடிவோட வீட்டுல குந்திக்க வேண்டியதுதான்."

சரி என்று தலையாட்டினான். ஆனால் மனசு நம்பவில்லை. குழாய் கழுவுகிறவளைப் பார்க்க வலயத்திலிருந்து ஆள் வருமா? வாத்தியார் வித்தை காட்டப்போகிறான், மேடம் கைதட்டப் போகிறாள், பேர் அவனுக்கு. வண்டி மட்டும் இருளப்பனுடையது. இவளுக்கு நிரந்தரம் என்று ஆசை காட்டி ஏமாற்றுகிறார்கள் என்றுதான் நினைத்தான்.

புதன்கிழமை காலையிலிருந்தே மலையில் பனிமூட்டம். பகலாகியும் வெளிச்சம் சரியாக வரவில்லை. பள்ளிக்கூடத்தில் சீமெந்து போட்ட வலைப்பந்து மைதானம் ஒன்று இருந்தது. அதில் சுண்ணாம்பால் கோடுகள் போட்டிருந்தார்கள். உயர்தர வகுப்புப் பிள்ளைகள் ஓரத்தில் கரும்பலகையோடு நின்றார்கள். கதிரை போட்டு உட்கார்ந்திருந்தார் கமலாசனி மேடம். நரைத்த கொண்டை, மடியில் கோப்பு, சிரிக்காத முகம்.

செய்முறை இதுதான். ஆள் நிறை பார்க்கிற வட்டத் தராசு இரண்டு. அதை ஆட்டோவின் பின்பக்கத்தில் வைத்து அழுத்தித் தள்ளவேண்டும். முள் ஒரே இடத்தில் நிற்கும்படி, புறப்படும் கோட்டிலிருந்து அடுத்த கோடு வரை தள்ளவேண்டும். முள் காட்டும் விசையையும் தள்ளிய தூரத்தையும் பெருக்கினால் வேலை. கோட்டில் கையை எடுத்துவிடுவார்கள். வண்டி தானாக உருண்டு கடைசிக் கோட்டுக்குப் போகிற நேரத்தைப் பிள்ளைகள் பிடித்து, வேகத்தைக் கண்டு, வண்டியின் இயக்க சக்தியைக் கணக்குப் பார்ப்பார்கள். இரண்டும் ஏறக்குறைய ஒன்றாக வரவேண்டும்.

ஒரு தராசைச் சஞ்சயன் பிடித்தான். மற்றதைக் கலாராணி பிடித்தாள். முள் ஆடாமல் தள்ளுவது பழகின கைக்குத்தான் வரும் என்றார்கள். எங்கே பழகினார்கள், எத்தனை நாள் பழகினார்கள் என்று இருளப்பன் உள்ளுக்குள் கேட்டுக்கொண்டான்.

சஞ்சயன் முன்னால் வந்து குனிந்து, "அண்ணை, எஞ்சினை நிப்பாட்டி நியூட்ரலில விடுங்கோ. பிரேக்கில மட்டும் கால் வையாதேங்கோ. கடைசிக் கோடு தாண்டினாப் பிறகு பிடிச்சாச் சரி" என்றான்.

"தெரியும்."

இருளப்பன் எஞ்சினை நிறுத்தினான். பின்பு, தனக்கு இதிலெல்லாம் அக்கறை இல்லை என்று காட்டவேண்டுமே என்று, சாவியை மறுபடி திருகிப் பாட்டைப் போட்டான். மெதுவான சத்தத்தில் ஏதோ காதல் பாட்டு. பிள்ளைகள் சிரித்தார்கள்.

பக்கக் கண்ணாடியில் பின்னால் நடப்பது தெரிந்தது. இரண்டு தலைகள் குனிந்து நெருங்கின. "சேர், நான் மூணு சொல்லும்போது" என்றாள் கலாராணி. "ஓம் அக்கா, நீங்கள்தான் கப்டன்" என்றான் அவன். அவள் சிரித்தாள். சோற்றுத் தட்டுக்கு முன்னால் இருந்து இருளப்பன் கேட்ட பழைய சிரிப்பு அது. அச்சுப் பிசகாத அதே சிரிப்பு.

வண்டி அசைந்தது. இருளப்பனுடைய வலது கால் இறங்கியது. ஓங்கி மிதிக்கவில்லை. முட்டை மேல் வைப்பதுபோல வைத்தான். கோடு வந்ததும் எடுத்துவிட்டான்.

கரும்பலகையில் ஒரு பெண்பிள்ளை கணக்குப் போட்டாள். போட்டுவிட்டு அழித்தாள். திரும்பப் போட்டாள்.

"மிஸ், பாதிதான் வருது."

"பாதியோ?" என்றார் கமலாசனி மேடம். "தள்ளினதில பாதி வண்டியில இருக்கு. மற்றப் பாதி எங்க?"

"உராய்வு மிஸ்" என்றான் சஞ்சயன்.

"உருளுற சில்லுப் பூட்டின சாமான். உராய்வு பாதியைத் தின்னுமோ?"

சஞ்சயன் நெற்றியைத் துடைத்தான். இருளப்பனுக்குப் பாட்டு திடீரென்று நன்றாக இருந்தது. ஒரு விரலால் ஸ்டியரிங்கில் தாளம் போட்டான்.

இரண்டாம் தடவை இன்னும் கொஞ்சம் அழுத்தினான். கண்ணாடியில் வாத்தியாரின் முகம் சிவந்து வீங்குவது தெரிந்தது. கலாராணி குனிந்திருந்ததால் அவள் முகம் தெரியவில்லை. இந்தத் தடவை மூன்றில் ஒரு பங்குகூட வரவில்லை. பிள்ளைகள் குசுகுசுத்தார்கள்.

மேடம் பேனையை மூடினார். "சஞ்சயன், ஆர் இதை ஒழுங்குபடுத்தினது? நீங்களோ?"

இப்போது விழுவான் என்று இருளப்பன் காதைத் தீட்டிக்கொண்டான்.

"இல்லை மிஸ். இது கலா அக்கான்ர யோசனை. மேசையில சின்ன ட்ரொலியை உருட்டிக் காட்டிக் காட்டிப் பிள்ளையளுக்கு அலுத்துப்போச்சு, கண்ணுக்குத் தெரிஞ்ச சாமானா இருக்கவேணும் எண்டு அவாதான் சொன்னவா. கோடு அளந்தது, தராசு தேடினது எல்லாம் அவாதான். இண்டைக்கு விளக்கம் சொல்லப்போறதும் அவாதான். அதைப் பாக்கத்தானே உங்களை வரச் சொன்னது?"

இருளப்பனின் விரல் தாளத்தை விட்டது.

நழுவுகிறான் பயல், பழியை இவள் தலையில் கட்டுகிறான் என்றுதான் முதலில் நினைத்தான். ஆனால் கலாராணி ஓர் அடி முன்னால் வந்து நின்றாள். "ஆமா மேடம், நான்தான்" என்றாள். மேடம் பேனையைத் திரும்பத் திறந்து கோப்பில் எதையோ எழுதினார். அது என்ன எழுத்தாக இருந்தாலும் நல்ல எழுத்தாக இருக்காது என்று இருளப்பனுக்கு விளங்கியது. வாத்தியாருக்கு வெட்டிய குழிக்குள் நிற்பது தன்னுடைய பெண்சாதி.

"இன்னொரு தடவ பாப்போம் மேடம்" என்றாள் கலாராணி.

அவள் முன்பக்கம் வந்தாள். அவன் முகத்தைப் பார்க்கவில்லை. அவனுடைய காலைப் பார்த்தாள்.

"பாட்ட நிப்பாட்டுங்க."

சாவியைத் திருகி நிறுத்தினான்.

"செருப்பக் கழட்டுங்க. ரெண்டு காலையும் தூக்கி சீட்டு மேல மடிச்சு வச்சுக்குங்க."

"எதுக்கு?"

"பாரம் நடுவுல இருக்கணும்." சத்தமாகச் சொன்னாள், எல்லோருக்கும் கேட்க. "கடைசிக் கோடு தாண்டுற வரைக்கும் எறக்காதீங்க."

இருளப்பன் கல்யாணப் பந்தியில் உட்காருகிறவனைப் போல ஓட்டுகிற சீட்டில் சம்மணம் கட்டினான். பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். சஞ்சயன் மட்டும் சிரிக்கவில்லை. தராசைத் துடைப்பதுபோலத் தலையைக் குனிந்துகொண்டான்.

"ஒண்ணு, ரெண்டு, மூணு."

வண்டி போன போக்கு வேறு. கோடு தாண்டியும் சொன்னபடி கேட்காத மாடு மாதிரி ஓடியது. இருளப்பன் அவசரமாகக் காலை இறக்கி, வேலிக் கம்பிக்குக் கிட்ட வைத்துத்தான் பிடித்தான். கரும்பலகைப் பிள்ளை கணக்கை முடித்துவிட்டு, "சரியா வருது மிஸ்! கொஞ்சந்தான் குறையுது!" என்று கத்தியது.

"இது சரி" என்றார் மேடம். "முந்தி ரெண்டு தரமும் ஏன் பிழைச்சது?"

கலாராணி முந்திக்கொண்டாள். "மலையில நின்னு நின்னு பிரேக்கு கொஞ்சம் ஒட்டிப்போச்சு மேடம். ரெண்டு தடவ உருட்டவும் விட்டுருச்சு."

மேடம் இருளப்பனைப் பார்த்தார். அவனுடைய வெறும் காலையும் பார்த்தார். "அப்ப காணாமல் போன பாதி எங்க போனது? பிள்ளையளுக்குச் சொல்லுங்கோ."

அவள் பிள்ளைகள் பக்கம் திரும்பினாள். "அது காணாமப் போகல. பிரேக்கு எதிர்ப்பக்கமா இழுத்துச்சு. நாங்க உள்ள போட்டத அது வெளிய எடுத்துருச்சு. எடுத்தது சூடாப் போச்சு. தள்ளுனவங்களுக்குக் கை வலி அதேதான். வண்டிக்குத்தான் ஒண்ணும் சேரல." கொஞ்சம் நிறுத்தினாள். "தள்ளுறது மட்டும் பாத்தாப் போதாது. யாரு எந்தப் பக்கம் இழுக்குறாங்கன்னு எல்லாத்தையும் கூட்டிக் கழிச்சுத்தான் மிச்சம் ஓட்டமா வரும்."

சஞ்சயன் கைதட்டினான். பிள்ளைகளும் தட்டினார்கள். வாத்தியார் தட்டியபோது தானும் தட்டுவதா என்று யோசித்ததில் இருளப்பனுக்கு நேரம் போய்விட்டது.

திரும்பி வரும்போது கலாராணி பின்சீட்டில் ரோட்டையே பார்த்துக்கொண்டு வந்தாள். அவன் இரண்டு தடவை கனைத்தான். பாட்டுப் போடத் துணியவில்லை. பேராதனைப் பக்கம் இறங்குகிற வழியில் மூடிக்கிடந்த ஒரு தேயிலை ஸ்டோர் இருக்கிறது. லொறி திரும்புவதற்காக முன்னால் மட்டமாகத் தார் போட்ட முற்றம்.

"இங்க நிப்பாட்டுங்க" என்றாள்.

நிறுத்தினான். அவள் இறங்கி முன்னால் வந்தாள். "எறங்குங்க. பின்னால போங்க." அவன் இறங்கினான். அவள் ஓட்டுகிற சீட்டில் ஏறி உட்கார்ந்து, சாவியைத் திருகினாள். பாதியில் நின்ற காதல் பாட்டு பாதியிலிருந்தே பாடியது.

"தள்ளுங்க."

"என்ன புள்ள இது, ரோட்டுல போறவன் பாத்தா..."

"தள்ளுங்கன்னு சொன்னேன்."

இருளப்பன் குனிந்து தோளைக் கொடுத்தான். வண்டி அசைந்தது, ஆனால் சேற்றில் போவதுபோலப் போனது. பல்லைக் கடித்துத் தள்ளினான். மூச்சு முட்டியது. அப்போதுதான் பார்த்தான். பனிமூட்டத்தில் அவனுடைய வெள்ளைச் சட்டை முழுக்கச் சிவப்பாக இருந்தது. கையும் சிவப்பு. மூக்குக்குக் கிட்ட பிரேக் லைட் கணகணவென்று எரிந்துகொண்டிருந்தது.

பாட்டுக்காகத் திருகிய சாவி பிரேக் லைட்டுக்கும் உயிர் கொடுத்திருந்தது.

"தெரியுதா?" என்றாள் முன்னாலிருந்து. "நான் தராசு முள்ளப் பாத்துக்கிட்டே தள்ளுறேன். வெள்ளைத் தட்டு செவப்பா மாறிச்சு. கோடு வந்ததும் திரும்ப வெள்ளையாச்சு."

"ராணி..."

"தள்ளுங்க."

"அந்த ஆளும் பாத்தாரா?"

"அவரு தராசும் அதே வெளிச்சத்துக்குக் கிட்டதான இருந்துச்சு."

"ஒண்ணும் சொல்லலையே."

"சொல்லல. மேடம்கிட்டயும் சொல்லல, எங்கிட்டயும் சொல்லல. ஒங்களக் காட்டிக் குடுத்திருந்தா அவருக்கு மானம் மிஞ்சியிருக்கும்."

இது இருளப்பனுக்கு எல்லாவற்றையும்விட அதிகமாக எரிந்தது. அந்த நெட்டைப் பயல் திட்டியிருக்கலாம். சிரித்தாவது இருக்கலாம். இனி அவனை வெறுப்பதற்குக்கூட அவனிடமே போய் அனுமதி கேட்கவேண்டும்போல் ஆகிவிட்டது. அந்தக் கோபத்தில் உள்ள பலத்தையெல்லாம் திரட்டித் தள்ளினான்.

அந்த நேரம் பார்த்து அவள் காலை எடுத்தாள்.

சிவப்பு அணைந்தது. வண்டி அவன் கையை விட்டுப் பிய்த்துக்கொண்டு ஓடியது. இருளப்பன் குப்புற விழப்பார்த்து, இரண்டு கையையும் தாரில் ஊன்றி நிமிர்ந்தான். அவன் தள்ளிய தள்ளு எல்லாம் அவளை ஏற்றிக்கொண்டு, பாட்டோடு, முற்றத்தின் அந்தக் கோடிக்குப் போய்க்கொண்டிருந்தது. அங்கே போய்ச் சிவப்பு ஒரு தடவை எரிந்து நின்றது.

அவன் உள்ளங்கையைத் தட்டிக்கொண்டு நடந்து போனான். அவள் ஏற்கெனவே பின்சீட்டுக்கு மாறிவிட்டிருந்தாள். அவன் ஏறி உட்கார்ந்தான். உடனே வண்டியை எடுக்கவில்லை.

"வேலை என்னாகும்?"

"மேடம் இன்னைக்குக் கையெழுத்துப் போடல. அடுத்த மாசம் திரும்ப வருவாங்களாம். மூணு தடவையும் ஒரே மாதிரி வந்தா எழுதுறேன்னாங்க."

"வரும். நான் காலை மடிச்சே குந்துறேன். சத்தியமா."

"ஒங்க வண்டி வேணாம்."

இருளப்பன் கண்ணாடியைத் திருப்பி அவள் முகத்தைத் தேடினான். "பின்ன யாரு வண்டி?"

"ரிஸ்கான் அண்ணன்கிட்ட கேக்கப்போறேன்."

"ரிஸ்கானா?" வயிற்றுக்குள் இருந்தது ஒரு நொடியில் வாத்தியாரை விட்டு ரிஸ்கான்மேல் பாய்ந்தது. "அவன் ஒரு மாதிரி ஆளு புள்ள! அவன் வண்டி ஒரு வண்டியா? அதுல பிரேக்கே புடிக்காது!"

"அதுதான் எனக்கு வேணும்" என்றாள் கலாராணி.